தீ வருமுன் வரைபடம்: காட்டுத்தீ அபாயத்தைக் கணிக்கப் புதிதாகத் தொடங்குவோருக்கு

“எங்கள் பகுதியில் காட்டுத்தீ அபாயம் எங்கே அதிகம் என்று ஒரு வரைபடம் வேண்டும்” என்று கேட்டு வருபவரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: “அந்த வரைபடம் யார் கையில் இருக்கப்போகிறது?” ரோந்து போகிறவருக்குத் தீ எங்கே பற்றக்கூடும் என்று தெரிய வேண்டும். தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவருக்கு, பற்றிய தீ எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிய வேண்டும். ஊரைக் காலிசெய்யும் பொறுப்பில் இருப்பவருக்கோ, அது ஓடும் வழியில் யார் இருக்கிறார்கள், வெளியேற எத்தனை சாலை இருக்கிறது என்பது தெரிய வேண்டும். மூன்றும் வேறு வேறு கேள்விகள். மூன்றையும் கரைத்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரே படம் தயாரித்துக் கொடுத்தால் பார்க்க அழகாக இருக்கும். மூவரில் ஒருவருக்கும் உதவாது.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற மலையூரை அழித்த கேம்ப் தீயை நினைத்துப் பாருங்கள். தீ பற்றியது ஊருக்குள் இல்லை. கிழக்கே ஒரு பள்ளத்தாக்கில், மின்கடத்திக் கம்பி பழுதான இடத்தில். பலத்த காற்று அதை ஊர்ப்பக்கம் தள்ளியது. வெளியேறும் சாலைகளில் வண்டிகள் நெரிசலில் நின்றுபோயின. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. பற்றிய இடம் ஒன்று, ஓடிய வழி வேறு, உயிர்கள் போன இடம் வேறு. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க மூன்று வரைபடங்களைத் தனித்தனியாகவே வளர்க்கப்போகிறோம்: பற்றும் இடம், ஓடும் வழி, பாதிக்கப்படுவோர்.

படி 1: எல்லையையும் அளவையையும் முடிவுசெய்யுங்கள்

நிர்வாக எல்லைக்கோட்டோடு வரைபடத்தை நிறுத்திவிடாதீர்கள். தீக்கு மாவட்டமும் தெரியாது, மாநிலமும் தெரியாது. உங்கள் பகுதியைச் சுற்றி, காற்று வழக்கமாக வரும் பக்கத்தில் கூடுதலாக, குறைந்தது 10 முதல் 20 கிலோமீட்டர் வரை விளிம்பு சேர்த்துத் தரவு எடுங்கள். அந்த விளிம்பில் பற்றும் தீதான் நாளை உங்கள் பகுதிக்கு வரும்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். அதைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை ஆள்கூற்று முறையைத் தேர்வது. பதிவிறக்கும் தரவுகளில் பெரும்பாலானவை அட்சரேகை, தீர்க்கரேகையில், அதாவது பாகைக் கணக்கில் வரும். பாகையை வைத்துப் பரப்பளவோ தூரமோ கணக்கிட்டால் தவறு வரும். சரிவைக் கணக்கிட்டால் விடைக்கு அர்த்தமே இருக்காது. கிடைத்தூரம் பாகையிலும் உயரம் மீட்டரிலும் இருப்பதால், சமவெளிகூடச் செங்குத்துப் பாறையாகத் தெரியும். மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆள்கூற்று முறையில் உங்கள் பகுதி விழும் மண்டலத்தைக் கண்டுபிடித்து, எல்லாத் தரவு அடுக்குகளையும் அதற்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு யூடிஎம் மண்டலமும் தீர்க்கரேகையில் 6 பாகை அகலம் கொண்டது. பெரும்பாலான வட்டாரங்கள் ஒரே மண்டலத்துக்குள் அடங்கிவிடும்.

நிலத்தை எவ்வளவு பெரிய சதுரக் கட்டங்களாகப் பிரிப்பது என்ற கட்ட அளவையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். வட்டார அளவில் 30 மீட்டர் நல்ல தொடக்கம். எல்லா ராஸ்டர் அடுக்குகளும் (கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்று சேமித்தவை) ஒரே அளவில், ஒரே மூலையிலிருந்து தொடங்கும்படி இருக்க வேண்டும். அரைக் கட்டம் விலகியிருந்தாலும் பின்னால் கூட்டிப் பெருக்கும்போது பிழை சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

படி 2: பழைய தீக்களைத் திரட்டுங்கள்

இந்த வேலையில் மிக அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

நாசாவின் ஃபிர்ம்ஸ் சேவையில் செயற்கைக்கோள் உணரிகள் தீ என்று கண்ட வெப்பப்புள்ளிகள் உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கும். மோடிஸ் உணரி 1 கிலோமீட்டர் கட்டத்தில் பார்க்கிறது; 2000-ஆம் ஆண்டுக்கு அருகிலிருந்து அதன் பதிவு தொடங்குகிறது. விர்ஸ் உணரி 375 மீட்டர் கட்டத்தில் பார்க்கிறது; 2012 முதல் பதிவு உண்டு. பதிவிறக்கி வரைபடத்தில் போட்டதும் செம்புள்ளிகள் மழைபோல் கொட்டிக்கிடக்கும். அதைப் பார்த்து உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

புள்ளி நிற்பது தீயின் இடத்தில் இல்லை, கட்டத்தின் நடுவில். விர்ஸ் கட்டம் ஒன்று ஏறக்குறைய 14 ஹெக்டேர். தீ அந்த 14 ஹெக்டேருக்குள் எங்கோ ஒரு மூலையில் எரிந்திருக்கலாம். எனவே “சாலையிலிருந்து 80 மீட்டரில் பற்றியது” என்று இந்தப் புள்ளிகளை வைத்துச் சொல்ல முடியாது.

செயற்கைக்கோள் எப்போதும் மேலே நிற்பதும் இல்லை. விர்ஸ் தாங்கிய செயற்கைக்கோள்கள் உள்ளூர் நேரப்படி நண்பகல் கடந்து ஒன்றரை மணியளவிலும் நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவிலும் கடக்கின்றன. மாலை நான்கு மணிக்குப் பற்றி ஏழு மணிக்கு அணைந்த புல்தீ பதிவாகாது. மேகமும் அடர்ந்த மர உச்சியும்கூடத் தீயை மறைக்கும். புள்ளி இல்லாத இடத்தைத் தீ இல்லாத இடமாக எடுத்துக்கொள்வது ஆபத்தான பிழை.

மறுபக்கம், வெப்பமெல்லாம் காட்டுத்தீ ஆகாது. செங்கல் சூளை, எண்ணெய்க் கிணற்றில் எரியும் வாயு, உருக்காலை எல்லாம் புள்ளிகளாக வரும். ஃபிர்ம்ஸின் பழைய ஆவணத் தரவில் வகை என்று ஒரு நெடுவரிசை இருக்கும்: 0 என்றால் தாவரத் தீ என்று கருதப்படுவது, 1 எரிமலை, 2 நிலையான வேறு வெப்பமூலம், 3 கடலில் உள்ளது. 0 தவிர மற்றவற்றை நீக்குங்கள். அதன்பிறகும், ஆண்டு முழுக்க எல்லா மாதமும் ஒரே இடத்தில் எரியும் புள்ளிகள் இருந்தால் அவற்றையும் தனியே எடுத்துப் பாருங்கள். அறுவடைக்குப்பின் வயலில் தாள் எரிப்பதால் வரும் புள்ளிகளை நிலப்பயன்பாட்டு அடுக்கை வைத்துப் பிரித்துவிடுங்கள். ஆனால் அழித்துவிடாதீர்கள். வயலில் வைத்த தீ காட்டுக்குள் தாவுவது உலகெங்கும் நடப்பது. காட்டோரத்து வயல்கள் பற்றும் இடம் வரைபடத்துக்கு முக்கியமான செய்தி.

புள்ளிகள் தீ எரிந்ததைச் சொல்லும். எவ்வளவு எரிந்தது என்பதற்கு எரிந்த பரப்பை வரைய வேண்டும். இதற்கு சென்டினல்-2 அல்லது லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் போதும். உயிருள்ள இலை அண்மை அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும். கரியும் வெறும் மண்ணும் சிற்றலை அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது என்பிஆர் எனப்படும் எரிவுக் குறியீடு. இவ்விரண்டு ஒளிகளையும் பதிவுசெய்பவை சென்டினல்-2 படத்தில் 8ஏ, 12 ஆகிய பட்டைகள். லாண்ட்சாட் 8, 9 படங்களில் 5, 7 ஆகிய பட்டைகள். தீக்கு முந்தைய மதிப்பிலிருந்து பிந்தைய மதிப்பைக் கழித்தால் எரிந்த இடம் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் புழங்கும் வரம்புகளின்படி வித்தியாசம் 0.1-க்கு மேல் போனால் லேசான எரிவு, 0.66-ஐத் தாண்டினால் கடும் எரிவு. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எரிந்தது உறுதியாகத் தெரிந்த நான்கைந்து இடங்களிலும், எரியாத நான்கைந்து இடங்களிலும் மதிப்பு என்ன வருகிறது என்று பார்த்து, உங்கள் காட்டுக்கான வரம்பை நீங்களே வையுங்கள்.

இங்கே இரண்டு கண்ணிகள். இலையுதிர் காட்டில் இலை கொட்டினாலும் குறியீடு குறையும். அதைத் தீ என்று நினைக்கக்கூடாது. தீக்குச் சில நாள் முன்னும் சில நாள் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிடுங்கள். அது கிடைக்காவிட்டால் முந்தைய ஆண்டின் அதே பருவத்துப் படத்தை எடுங்கள். இரண்டாவது, சென்டினல்-2 படங்களில் 2022 ஜனவரி 25 முதல் எண்மதிப்புகளுடன் 1000 கூட்டித் தருகிறார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அப்படியே கழித்தால் ஒரு வட்டாரம் முழுக்க எரிந்தது போலவோ முளைத்தது போலவோ காட்டும். படத்துடன் வரும் விவரக்கோப்பைத் திறந்து, கூட்டியிருந்தால் கழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக, அலுவலகப் பதிவேடுகளையும் அந்த நிலத்தில் வாழ்கிறவர்களின் நினைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் தவறவிட்ட சிறு தீக்கள் பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டில் ஏறாதவை மேய்ப்பவர் நினைவில் இருக்கும். பற்றியதற்கான காரணம் எந்தச் செயற்கைக்கோளிலும் வராது. மின்னலா, மின்கம்பியா, வேண்டுமென்று வைத்ததா, அணைக்காமல் விட்ட அடுப்பா என்பது தரையில்தான் தெரியும்.

படி 3: நிலத்தின் ஏற்ற இறக்கம்

30 மீட்டர் கட்டத்தில் உலகளாவிய உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் ஒன்று. அதைவிடப் புதிய கோப்பர்னிக்கஸ் உயரத் தரவு மற்றொன்று. இதிலிருந்து சரிவும், சரிவு பார்க்கும் திசையும் கணக்கிட வேண்டும்.

ஓடும் வழி வரைபடத்துக்குச் சரிவுதான் முதுகெலும்பு. மேட்டை நோக்கி ஏறும் தீயின் சுவாலை முன்னால் இருக்கும் புல்லையும் சருகையும் தொட்டுக் காயவைத்துவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலியத் தீ ஆய்வாளர் மெக்கார்தர் காலத்திலிருந்து களத்தில் புழங்கும் கணக்கு. 20 பாகைச் சரிவில் சமதரையின் நான்கு மடங்கு. சரிவின் உச்சியில் வீடு கட்டியிருப்பவரிடம் இந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும், வீட்டைச் சுற்றி ஏன் சுத்தம் செய்ய வேண்டும் என்று விளங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: இந்த உயரத் தரவுகள் அடர்காட்டில் தரையை அளப்பதில்லை, மரத்தின் மேற்பகுதியை ஒட்டியே அளக்கின்றன. அதனால் காட்டின் விளிம்பு ஒரு செங்குத்துச் சரிவாகத் தெரியும். அங்கே சந்தேகம் வந்தால் வான்படத்தைப் பார்த்துச் சரிபாருங்கள்.

சரிவு பார்க்கும் திசையும் முக்கியம். வட அரைக்கோளத்தில் வெப்பமண்டலத்துக்கு அப்பால் தெற்குப் பார்த்த சரிவு அதிக வெயில் வாங்கிச் சீக்கிரம் காயும். தென் அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்த சரிவு. மேற்குப் பார்த்த சரிவு நாளின் மிக வெப்பமான நேரத்தில் வெயிலை வாங்குகிறது. திசை 0 முதல் 360 வரை போகும் எண் என்பதால் 359-உம் 1-உம் எதிரெதிர் என்று கணினி நினைத்துக்கொள்ளும், இரண்டும் வடக்குதான். எட்டுத் திசைகளாக வகைப்படுத்திவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

படி 4: எரியக்கூடியது என்ன, எவ்வளவு காய்ந்திருக்கிறது

ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்டுகவர் 10 மீட்டர் கட்டத்தில் காடு, புதர், புல்வெளி, வயல், கட்டடம் என்று பிரித்துத் தருகிறது. தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் காடு என்ற ஒரே நிறத்துக்குள் ஈரமான பசுங்காடும் இருக்கும், முழங்கால் அளவு சருகு கிடக்கும் வறண்ட காடும் இருக்கும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மர உச்சிதான் தெரியும். தீ ஓடுவதோ பெரும்பாலும் தரையில்.

இதற்கு ஒரே வழி நடப்பது. வரைபடத்தில் ஒவ்வொரு தாவர வகைக்கும் பத்துப் பதினைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்துப் போய்ப் பாருங்கள். புல்லின் உயரம், சருகின் ஆழம், காய்ந்த சுள்ளியின் தடிமன், புதரிலிருந்து தாழ்ந்த கிளை வரை தீ ஏற ஏணி போல ஏதாவது இருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். நான்கு திசையிலும் படம் எடுங்கள். ஐம்பது இடங்களின் நேரடிக் குறிப்பு, கணினியில் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த வகைப்பாட்டைவிட அதிகம் கற்றுத்தரும்.

அமெரிக்காவில் ரோதர்மெல் 1972-இல் வெளியிட்ட தீப்பரவல் கணக்குமுறைக்கு ஏற்ப எரிபொருள் வகைகள், அதாவது எரியக்கூடிய புல், புதர், சருகு ஆகியவற்றின் வகைகள், உருவாக்கப்பட்டன: 1982-இல் 13 வகை, 2005-இல் 40 வகை. பல இடங்களில் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிற கண்டத்துக் காடுகளுக்கு ஒட்டிவிடுகிறார்கள். உங்கள் புல், உங்கள் சருகு எப்படி எரிகிறது என்று பார்த்தவர் சரி என்று சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள்.

கைவிடப்பட்ட நிலத்தைத் தனி அடுக்காகக் குறியுங்கள். ஹவாயில் 2023 ஆகஸ்டில் லஹைனா நகரம் எரிந்தபோது, நகரைச் சூழ்ந்திருந்தது பெருங்காடு அல்ல. ஒருகாலத்தில் கரும்பு விளைந்து, பின் விவசாயம் நின்றுபோய், வெளியிலிருந்து வந்த புல் மண்டிய நிலம். நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் வெறும் புல்வெளி என்று சாதுவாகத் தெரியும் நிறம், காய்ந்த பருவத்தில் மிக வேகமாகத் தீ ஓடும் தரையாக மாறிவிடும்.

தாவரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று அளக்க, வாரந்தோறும் கிடைக்கும் செயற்கைக்கோள் பசுமைக் குறியீட்டைப் பல ஆண்டுகளின் அதே வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுங்கள். வழக்கத்தைவிட மூன்று வாரம் முன்னதாகப் புல் மஞ்சளாகியிருந்தால், ரோந்தும் மூன்று வாரம் முன்னதாகத் தொடங்க வேண்டும்.

படி 5: வானிலையைச் சராசரியாக்காதீர்கள்

ஆண்டுச் சராசரி வெப்பநிலை, ஆண்டுச் சராசரி மழை என்று இரண்டு அடுக்குகளைச் சேர்த்துவிட்டு வானிலை முடிந்தது என்று நினைப்பது பரவலான பழக்கம். பெருந்தீ சராசரி நாளில் வருவதில்லை. பல ஆண்டுச் சேதத்தின் பெரும்பகுதியைச் செய்வது ஒரு சில மோசமான நாட்கள்தான். எனவே படி 2-இல் திரட்டிய பெரிய தீக்களின் தேதிகளை எடுத்து, அந்த நாட்களில் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், திசை, கடைசி மழைக்குப்பின் ஆன நாட்கள் ஆகியவற்றைத் தனியே பட்டியலிடுங்கள். அருகில் வானிலை நிலையம் இல்லையென்றால் கடந்த கால வானிலையைக் கணினியில் மீட்டுத் தரும் ஈஆர்ஏ5 மீள்பகுப்பாய்வுத் தரவு 1940 முதல் மணிக்கு மணி கிடைக்கும். அதன் கட்டம் ஏறக்குறைய 31 கிலோமீட்டர் என்பதால் பள்ளத்தாக்குக் காற்று அதில் தெரியாது.

கனடாவின் தீ வானிலைக் குறியீடு உலகின் பல நாடுகளில் பயன்படுகிறது. நண்பகல் நேரத்து வெப்பநிலை, ஈரப்பதம், காற்று வேகம், முந்தைய 24 மணி நேர மழை ஆகிய நான்கே உள்ளீடுகள். அவற்றிலிருந்து மெல்லிய சருகின் வறட்சி முதல் ஆழத்து மட்கின் வறட்சி வரை கணக்கிடுகிறது. இதை அபாய வரைபடத்துக்குள் கரைத்துவிடாமல் நாள்தோறும் மாறும் தனி எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். நிலம் எங்கே என்று சொல்லும். வானிலை எப்போது என்று சொல்லும்.

காற்றுத் திசைக்கு இன்னொரு சொல். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட கருஞ்சனி (பிளாக் சாட்டர்டே) தீயில், மாலையில் காற்று திடீரென்று திசைமாறியது. அதுவரை நீண்ட பக்கவாட்டாக எரிந்துகொண்டிருந்த தீயின் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் முகப்பாக மாறியது. பாதுகாப்பான பக்கம் என்று நினைத்த பக்கம் நொடியில் முன்வரிசையானது. ஆகவே ஓடும் வழி வரைபடத்தை ஒரே காற்றுத் திசைக்கு வரைந்து நிறுத்தாமல், மோசமான நாட்களில் வரும் இரண்டு மூன்று திசைகளுக்கும், திசைமாற்றத்துக்கும் தனித்தனியே வரையுங்கள்.

படி 6: மனிதர்களையும் சாலைகளையும் சேருங்கள்

2017 ஜூன் 17 அன்று போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டே தீயில் 66 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தப்பி ஓடும்போது ஒரே சாலையில் சிக்கினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 23 அன்று கிரேக்கத்தின் மாட்டி கடலோரக் குடியிருப்பில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடல் பக்கத்திலேயே இருந்தும் வேலிபோட்ட மனைகளும் செங்குத்தான கரையும் வழிமறித்ததால் பலரால் தண்ணீரை எட்ட முடியவில்லை. இந்த இரண்டு இடங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரைபடத்தைத் தொடங்குங்கள்.

சாலை, கட்டடம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு தன்னார்வலர்கள் வரையும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் முதல் இடம். கட்டடங்களுக்குக் கூகுளும் மைக்ரோசாஃப்டும் வான்படத்திலிருந்து எடுத்த கட்டட வடிவங்களை இலவசமாகத் தருகின்றன. மக்கள்தொகைக்கு வேர்ல்டுபாப் 100 மீட்டர் கட்டத்தில் மதிப்பீடு தருகிறது. ஒதுக்குப்புறக் குடியிருப்புகளில் மூன்றுமே தவறும். ஐந்து வீடுள்ள குடியிருப்புதான் வரைபடத்தில் விடுபடும். உதவி கடைசியாகப் போய்ச்சேரும் இடமும் அதுவாகத்தான் இருக்கும். வான்படத்தில் கண்ணால் தேடி, விடுபட்டதை நீங்களே வரைந்து சேருங்கள்.

பிறகு ஒவ்வொரு குடியிருப்புக்கும் இவற்றைக் கண்டுபிடியுங்கள்: வெளியேறும் வழிகள் எத்தனை, அவற்றில் காட்டுக்குள் போகாதவை எத்தனை, தீயணைப்பு வண்டி வந்து சேர எத்தனை நிமிடம். க்யூஜிஐஎஸ்-இல் உள்ள வலைப்பின்னல் கருவி கடைசிக் கேள்விக்கு விடை தரும், ஆனால் சாலை வேகத்தை நீங்கள்தான் தர வேண்டும். கனரக வண்டி மலைச்சாலையில் எந்த வேகத்தில் போகிறது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். பாலம் அந்த எடையைத் தாங்குமா, முட்டுச்சாலையின் முனையில் வண்டி திரும்ப இடம் உண்டா என்பதையும் அவரே சொல்வார். ஒரே வழியுள்ள குடியிருப்புகளை மட்டும் தனி நிறத்தில் காட்டுங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு அடுக்குதான் கூட்டங்களில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

தனியே வாழும் முதியவர், நடக்க முடியாதவர் வீடுகளையும் குறிக்க வேண்டியிருக்கும். அது பொதுவில் வைக்கும் வரைபடத்தில் இருக்கக்கூடாது. வெளியேற்றப் பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கும் தனி அடுக்காக வையுங்கள்.

படி 7: அடுக்குகளைச் சேர்ப்பதும் சோதிப்பதும்

பற்றும் இடம் வரைபடத்துக்கு எளிய முறை ஒன்று போதும். சரிவு, தாவரம், சாலைத் தூரம் போன்ற ஒவ்வொரு காரணியையும் வகைகளாகப் பிரித்து, ஒரு வகையில் நிகழ்ந்த தீக்களின் பங்கை அந்த வகை நிலத்தின் பங்கால் வகுங்கள். உங்கள் வட்டாரத்தில் புல்வெளி 20 சதவீதம், தீக்களில் 50 சதவீதம் புல்வெளியில் என்றால் விகிதம் 2.5. ஒன்றுக்கு மேல் இருந்தால் தீ அங்கே கூடுதலாகப் பற்றுகிறது. கீழே இருந்தால் குறைவாக. எல்லாக் காரணிகளின் விகிதங்களையும் கட்டம் கட்டமாகக் கூட்டினால் முதல் வரைபடம் தயார்.

நிபுணர்கள் உட்கார்ந்து சரிவுக்கு 25 சதவீதம், சாலைக்கு 15 சதவீதம் என்று எடை போடும் முறையும் பரவலாக இருக்கிறது. பழைய தீப் பதிவு இல்லாத இடத்தில் வேறு வழியில்லை. பதிவு இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஊகத்தில் எடை போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

சாலைத் தூரமும் ஊர்த் தூரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஏறி இறங்கும். இரண்டையும் சேர்த்தால் ஒரே செய்தியை இருமுறை எண்ணியதாகும், ஒன்றை விடுங்கள்.

சோதிக்கும்போது நேர்மை வேண்டும். 2012 முதல் 2020 வரையிலான தீக்களை வைத்து வரைபடம் செய்து, 2021-க்குப் பிந்தைய தீக்களைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். பிறகு வரைபடத்தில் மிக அதிக மதிப்புள்ள 20 சதவீத நிலத்தை எடுத்து, ஒதுக்கிவைத்த தீக்களில் எத்தனை அதற்குள் விழுகின்றன என்று எண்ணுங்கள். 20 சதவீதம்தான் விழுகிறது என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரைந்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. 60 சதவீதம் விழுந்தால் ரோந்துப் பாதை போட இதை நம்பலாம். புள்ளிகளைக் கலைத்துப்போட்டுப் பாதியை வைத்துச் செய்து மறுபாதியில் சோதிப்பது ஏமாற்றும். ஒரே தீயின் பத்துப் புள்ளிகள் இருபுறமும் பிரிந்து போய், வரைபடம் பிரமாதம் என்று பொய் சொல்லும்.

ஓடும் வழிக்குத் தீப்பரவலைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் உண்டு. அமெரிக்க வனத்துறையின் ஃப்ளாம்மேப் அவற்றில் இலவசமானது. எரிபொருள் அடுக்கு தரமாக அமையும்வரை அதில் இறங்க வேண்டாம். தொடக்கத்தில், அதிகம் பற்றும் இடங்களிலிருந்து மோசமான காற்றுத் திசைகளில் அம்புக்குறி வரைந்து, அவை ஏறும் சரிவுகளையும் சென்று முட்டும் குடியிருப்புகளையும் குறித்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 8: களத்துக்குக் கொண்டுபோங்கள்

அச்சிட்ட பெரிய தாளை மேசையில் விரித்து, கையில் பேனா கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். “இந்தப் பாதை மூன்று வருடமாக மூடிக் கிடக்கிறது”, “இந்தக் குட்டை மாசி வந்தால் வற்றிவிடும்” என்று தாளின் மேலேயே எழுதுவார்கள். அவ்வளவையும் திருத்திய பின்தான் அது வரைபடம்.

களத்தில் சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொண்டே தயாரியுங்கள். கைப்பேசியில் இணையமின்றித் திறக்கும் கோப்பு ஒன்று, நனையாத உறையில் அச்சுப்படி ஒன்று. தாளில் எண்ணிட்ட கட்டங்கள் இருக்கட்டும். புகை நடுவில் வானொலியில் “7-ஆம் கட்டம்” என்று சொல்வது அட்சரேகை வாசிப்பதைவிட எளிது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர் உண்டு. வெளிர்மஞ்சளில் தொடங்கி அடர்பழுப்பில் முடியும் ஒரே நிறவரிசை எல்லோருக்கும் புரியும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் கெடாது. மூலையில் தரவின் தேதியையும் திருத்த வேண்டிய தேதியையும் எழுதுங்கள்.

தீப்பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை திருத்தினால் போதும். முடிந்ததும் செய்யும் திருத்தத்தில் ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. கடுமையாக எரிந்த செங்குத்துச் சரிவுகளை எரிவுக் குறியீட்டிலிருந்து பிரித்து, அவற்றின் கீழே உள்ள ஓடைகளையும் வீடுகளையும் குறித்துவிடுங்கள். கலிபோர்னியாவில் 2017 டிசம்பரில் தாமஸ் தீ எரித்த மலைச்சரிவில் சில வாரங்களில் கனமழை பெய்தது. 2018 ஜனவரி 9 அன்று சேறும் பாறையும் கீழே இருந்த மாண்டிசிட்டோ குடியிருப்புக்குள் இறங்கி 23 பேரைக் கொன்றன. எரிந்த சரிவின் வரைபடம் முதல் மழைக்கு முன்பே வெள்ளத் தடுப்புப் பொறுப்பாளர் கையில் இருக்க வேண்டும். தீ அணைந்த அன்றே அந்தக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.